அண்ணத்தில் எடுத்து ஈறில் வைத்தது

முதலில் தெரிந்தது ஒரு சுரீர். கோடை தொடங்கியிருந்தது. எங்கள் யூனிட் கேண்டீனில் பானையில் மோர் வைத்திருந்தார்கள். ஒரு வாய் குடித்ததும் கீழ்வரிசை முன்பல் ஒன்றிலிருந்து தாடை வரைக்கும் மின்சாரம் பாய்ந்தது போல் இருந்தது. பல்கூச்சம் என்று நினைத்துக்கொண்டு, மோர் அந்தப் பல்லின் பக்கம் போகாதபடி தலையைச் சாய்த்துக் குடிக்கப் பழகினேன். பல மாதங்கள் அப்படியே சாய்த்துச் சாய்த்துக் குடித்தேன். கழுத்து வலி வந்தபோதுகூட அதற்கும் பல்லுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி யூனிட்டில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். தைத்து வருகிற துணியில் குறை இருக்கிறதா என்று பார்த்து, பேக்கிங்குக்கு அனுப்புவது எங்கள் வேலை. அளவு மாறியது, கறை, ஓட்டை, தையல் விட்டது, பிசிறு. தைத்து முடித்த இடத்தில் வெட்டாமல் தொங்கும் நூலைத்தான் பிசிறு என்போம். அதை வெட்ட டிரிம்மர் என்று விரலுக்குள் அடங்குகிற சின்னக் கத்தரி ஒன்று எல்லோர் கையிலும் இருக்கும். கல்யாண மண்டபத்தில் முன்பின் தெரியாதவர் சட்டையில் நூல் தொங்கினாலும் என் கை தானாகப் போகும். என் மனைவி சுமதி பலமுறை கையைத் தட்டிவிட்டிருக்கிறாள்.

ஊரில் உள்ள துணியை எல்லாம் பார்க்கிற நான் என் வாயைப் பார்க்கவில்லை. பார்த்தவள் என் மகள் தாரணி. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒருநாள் நான் ஏதோ சொல்லிச் சிரித்தபோது, சிரிக்காமல் என் வாயையே உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, உங்க கீழ்ப்பல்லு ஒண்ணு மட்டும் நீளமா இருக்குதுங்க."

"பல்லு வளருமா கண்ணு?"

"பல்லு வளரல. ஈறு எறங்கியிருக்குது. வாங்க, டாக்டருட்டப் போலாம்."

போனோம். ஈறு சிகிச்சையில் மேற்படிப்புப் படித்த பெண் மருத்துவர் அவர். நடு வயது. குரலை உயர்த்தாமல் பேசுவார். கண்ணாடியைக் கையில் கொடுத்து என் வாயை எனக்கே காட்டினார். எனக்கு வந்திருந்தது ஈறு இறக்கம் (பல்லைப் பற்றியிருக்கும் ஈறு பின்வாங்கி, மூடியிருக்க வேண்டிய வேர் வெளியே தெரிவது). எனக்குப் பிறவியிலேயே ஈறு மெல்லியதாம். அதன்மேல் நான் கெட்டிப் பிரஷ்ஷை வைத்து வருடக்கணக்கில் தேய்த்திருக்கிறேன். இப்படியே விட்டால் அந்தப் பல் ஒருநாள் ஆடத் தொடங்கும் என்றார்.

அதற்கு வழி ஈறு ஒட்டு அறுவை. மேலண்ணத்திலிருந்து (வாயின் மேற்கூரை) மெல்லிய திசுத் துண்டு ஒன்றை எடுத்து, ஈறு போன இடத்தில் வைத்துத் தைப்பது. வைத்த துண்டுக்குக் கீழிருந்து புதிதாக ரத்த ஓட்டம் ஏற வேண்டும். ஏறினால் அது பிடித்துக்கொள்ளும். ஏறாவிட்டால் உதிர்ந்துபோகும்.

நான் அண்ணத்தை நாக்கால் தடவிக்கொண்டே கேட்டேன். "அங்கிருந்து எடுத்தா அங்க ஓட்டை விழுந்துடாதுங்களா?"

"விழாதுங்க சார். அது தானா வளர்ந்து மூடிக்கும்."

பக்கத்தில் நின்ற தாரணி என் கேள்விக்குச் சிரித்துவிட்டாள். மருத்துவர் அவள் பக்கம் திரும்பினார். "பல்லுக்குக் கம்பி போட்டிருந்தியா கண்ணு? வா, ஒரு நிமிஷம் உக்காரு."

அவளுக்கும் அதே மெல்லிய ஈறு. கம்பியில் பல் நகர்ந்த பிறகு கீழே ஓரிடத்தில் ஈறு இறங்கத் தொடங்கியிருந்தது. இப்போதே ஒட்டு வைத்துவிட்டால் பல்லைப் பற்றிய கவலையே இருக்காது, தள்ளிப்போட்டால் எலும்பும் சேர்ந்து இறங்கும், பிறகு செய்தாலும் முழுதாக மூடாது என்றார் மருத்துவர்.

தாரணி நாற்காலியிலிருந்து இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. "அப்பா மொதல்ல பண்ணட்டுங்க. எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு நான் சொல்றேன்."

அந்த நிமிடத்திலிருந்து என் வாய் எனக்கு மட்டும் சொந்தமாக இல்லை. நான் ஓடினால் அவளும் ஓடுவாள்.

நான் ஓடத்தான் செய்தேன்.

இதைப் படிப்பவர்களில் சிலர் அறுவைக்குத் தேதி வாங்கிவிட்டுக் காத்திருப்பவர்களாக இருப்பீர்கள். உங்களுக்காக இதை மறைக்காமல் எழுதுகிறேன். தேதி கொடுத்த நாளிலிருந்து என் கைபேசியில் அறுவைக் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளினேன். சாப்பாட்டு இடைவேளையில், பஸ்ஸில், துணி மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் அண்ணத்தில் கத்தி இறங்குவதைப் பார்த்துவிட்டு மத்தியானச் சோற்றை மூடி வைத்தேன். நாக்கு ஓயாமல் அண்ணத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. தடவித் தடவி அங்கே புண்ணே வந்துவிட்டது.

தேதி நெருங்கியதும் கிளினிக்குக்குப் போன் செய்து ஷிப்மெண்ட் இருக்கிறது என்று சொன்னேன். திருப்பூரில் இந்த ஒரு சொல்லுக்குமேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கல்யாணத்துக்குப் போகாததற்கும், எழவு வீட்டுக்குத் தாமதமாகப் போனதற்கும் இதுவே போதும். "சரிங்க சார், ஷிப்மெண்ட் முடிச்சுட்டு வாங்க," என்றாள் வரவேற்பில் இருந்த பெண். இரண்டாம் முறையும் அதையே சொன்னேன். இந்தமுறை மருத்துவரே போனை வாங்கிவிட்டார்.

"எந்த நாட்டுக்குங்க சார் ஷிப்மெண்ட்?"

எனக்குச் சட்டென்று ஒரு நாட்டின் பெயரும் வாயில் வரவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "வேற தேதி போடறேன். வர்றப்ப வாங்க," என்றார்.

வீட்டில் சுமதி தாரணியிடம் அவளுடைய தேதியைப் பற்றிப் பேச்செடுத்தாள். நான் அடுத்த அறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்பாவே பண்ணலையேம்மா. அவருக்கே பயம்னா அதுல ஏதோ இருக்குதுன்னுதான அர்த்தம்?"

"அவருக்குப் பல்லியைக் கண்டாலும்தான் பயம். அதுக்காகப் பல்லி கடிக்குதா?"

தாரணி சிரித்தாள். ஆனால் தேதி குறிக்கவில்லை. நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். என் பயத்தை அவள் ஒரு மருத்துவ ஆதாரமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது தேதிக்குப் போனேன். நாற்காலியில் சாய்த்து, கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். மறுபடியும் பார்த்தார்கள். மருத்துவர் வந்து எண்ணைப் பார்த்துவிட்டுப் பட்டையை அவரே கழற்றினார்.

"பிரஷர் கிடையாதுன்னு சொல்லியிருக்கீங்க. இன்னைக்கு மட்டும் எங்கிருந்துங்க வந்துது?"

"தெரியலீங்க."

"இன்னைக்கு வேண்டாம். இந்த அளவுல ஊசி போடமாட்டேன்."

தப்பித்தேன் என்ற நிம்மதியும், ஐயோ என்ற வெட்கமும் ஒரே நேரத்தில் வந்தன. எழப்போனேன். அவர் உட்காரச் சொன்னார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே அவரும் உட்கார்ந்தார். "எதுக்குப் பயப்படறீங்க? பொதுவாச் சொல்லாதீங்க. எந்த இடத்துல பயம்?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. யோசித்தால் வலிக்கும் கத்திக்கும் பயந்தது பாதிதான். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இரண்டு பேர் கையும் இருக்கும்போது, ஏதாவது தப்பாகப் போனால் நான் எப்படிச் சொல்வது? ஒரு பீஸ் தப்பாகப் போனால் மொத்த லாட்டையும் நிறுத்துகிறவன் நான். அங்கே என்னால் எதையும் நிறுத்த முடியாது. இதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

"கை இருக்குதில்லைங்களா? இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடறேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

அத்துடன் விடவில்லை. என்னைப் படுக்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, வெறும் கண்ணாடியை உள்ளே விட்டார். "இப்பத் தூக்குங்க." தூக்கினேன். கண்ணாடி வெளியே வந்தது. "மறுபடியும்." தூக்கினேன். வெளியே வந்தது. பெரிய மனிதன் ஒருவன் பகல் வெளிச்சத்தில் பல் மருத்துவரிடம் கைதூக்கி விளையாடிக்கொண்டிருந்தேன். ஆனால் வெளியே வரும்போது கால் தரையில் பட்டது போல் இருந்தது. பொது மருத்துவர் ஒருவரிடமும் காட்டச் சொன்னார். காட்டினேன். பதற்றத்தில் ஏறிய அழுத்தம்தான், வேறு ஒன்றும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். காணொளி பார்ப்பதை நிறுத்தினேன். உங்கள் மருத்துவரிடமும் இந்தக் கை ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுப்பவராக இருந்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த முறை அழுத்தம் இறங்கியிருந்தது. அறுவை நடந்தது.

மரத்துப்போவதற்கான ஊசி அண்ணத்தில் இறங்கும்போது வலிக்கும். வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அண்ணத்தில் சதை குறைவு, ஊசி மருந்துக்கு உள்ளே இடம் போதாது. ஆனால் அந்த வலி ஓர் ஆழ்ந்த மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். அதற்குப் பிறகு வலி இல்லை. அழுத்தம் தெரியும், இழுப்பு தெரியும், தண்ணீர் உறிஞ்சும் குழாயின் சத்தம் கேட்கும். நடுவில் ஒருமுறை இடது கையைத் தூக்கினேன். எல்லாச் சத்தமும் நின்றது. கைகள் வெளியே போயின.

"சொல்லுங்க சார்."

நான் தலையை ஆட்டினேன். ஒன்றும் இல்லை.

"செக் பண்ணிப் பாத்தீங்களாக்கும்?" என்றார். முகமூடிக்கு மேலே கண்கள் சிரித்தன. "பாஸா?"

கட்டை விரலைக் காட்டினேன்.

அண்ணத்துப் புண்ணின்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு மாட்டினார்கள். கீழே ஒட்டு வைத்த இடத்தில் மாவு போன்ற மருந்துப் பொதியை (காயத்தை மூடிக் காக்கும் பூச்சு) அப்பினார்கள். சூடாக எதுவும் கூடாது. காரம் கூடாது. கொறிப்பது கூடாது. ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது. வேகமாகத் துப்பக் கூடாது. உதட்டை இழுத்துப் பார்க்கவே கூடாது. கடைசியாகச் சொன்னதை மருத்துவர் இரண்டு முறை சொன்னார்.

முதல் சில நாட்கள் நான் நினைத்ததைவிட எளிது. அதன் பிறகு வந்தவைதான் கடினம், அவற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வலி மாத்திரைக்குள் அடங்கிவிட்டது. அடங்காதது சாப்பாடு. ஆறிய ராகிக் கூழ், மோர், தயிரில் கரைத்த இட்லி, மறுபடியும் கூழ். ஒருநாள் சுமதி அரிசியும் பருப்பும் சாதம் வைத்தாள். நெய் மணம் கூடம் வரைக்கும் வந்தது. எனக்கென்று எடுத்த பங்கைத் தாளிப்பில்லாமல் மசித்து, மின்விசிறிக்கு அடியில் வைத்து ஆறவிட்டுக் கொடுத்தாள். பின்பக்கப் பல்லுக்குச் சின்னக் கரண்டியால் தள்ளித் தள்ளிச் சாப்பிட்டேன். பாதியில் கண் கலங்கிவிட்டது. சோற்றுக்காக அழுகிற வயதா என்று எனக்கே கோபமாக இருந்தது.

தாரணி என் முன்னால் எதையும் கொறிக்க மாட்டாள். ஆனால் அவள் அறையிலிருந்து முறுக்குக் கடிபடும் சத்தம் வரும். நான் எழுந்து நடந்தால் சத்தம் நின்றுவிடும். உட்கார்ந்தால் மறுபடியும் தொடங்கும்.

தகடு போட்டிருந்ததால் பேச்சு குழறியது. "தண்ணிக்குள்ள இருந்து பேசறாப்ல இருக்குதுங்க," என்று சுமதி சிரித்தாள். சிரிப்பதும் எனக்குத் தடை. உதடு இழுபடக் கூடாது. வீட்டில் எல்லோரும் சிரிக்க, நான் மட்டும் போலீஸ்காரன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். பேசாமல், சிரிக்காமல், நினைத்ததைத் தின்னாமல் இருக்கும்போது மனிதனுக்கு எரிச்சல் வரும். எனக்கு வந்தது. இதை எதிர்பார்த்து உங்கள் வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது அவர்கள்மேல் உள்ள கோபம் இல்லை என்று.

தாரணி இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு எப்படி இருக்குதுங்கப்பா?" என்று தினமும் கேட்பாள். என்மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டாள். கூடவே தனக்காகவும் கேட்டாள். அதனால் நான் நன்றாக இருப்பதாகவே சொல்லி வந்தேன். பெரும்பாலும் உண்மையும் அதுதான்.

மருந்துப் பொதியை எடுத்த அன்று மருத்துவர் கண்ணாடியில் காட்டினார். வைத்த துண்டு வெளுத்து, ஈரமான காகிதம் போல் இருந்தது. செத்துவிட்டதா என்று கேட்டேன். இப்படித்தான் இருக்கும், மேல்தோல் உரிந்துவிடும், கீழிருந்து சிவப்பு ஏறும் என்றார். தையல் இன்னும் சில நாள் இருக்கட்டும் என்றார். நீல நிறத்தில், மீன் முள்ளைப் போன்ற விறைப்பான நூல். அதன் நுனி கீழுதட்டின் உட்புறத்தில் குத்திக்கொண்டே இருந்தது. மெழுகு கொடுத்தார், குத்தும் இடத்தில் உருட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாளே நான் வேலைக்குப் போனேன். போயிருக்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை.

செக்கிங் மேசையில் என்னோடு நீண்ட காலமாக வேலை செய்பவர் பேச்சியம்மா. தென்காசிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். வாய் சும்மா இருக்காது. மேசையில் டி-ஷர்ட் குவிந்து கிடந்தது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்ததும் அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"என்ன சார், எங்க மேசையில ஒரு பிசிறு கண்டா அத்தன சத்தம் போடுவிய. ஒங்க வாயிலயே ஒண்ண விட்டுட்டியளே!"

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நானும் உதட்டை இழுக்காமல் சிரித்தேன். அவர் மேல் குற்றமே இல்லை. அது வெறும் கேலி.

மெழுகு உதிர்ந்துபோயிருந்தது. நூல் குத்திக்கொண்டே இருந்தது. கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்றேன். உதட்டைக் கீழே இழுத்தேன். அங்கே நீல நூலின் நுனி ஒன்று முடிச்சிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. என் கையில் டிரிம்மர் இருந்தது. எடுத்துக்கொண்டு போனேனா, கையிலேயே இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யோசிக்கவே இல்லை. பிசிறை வெட்டும்போது அடியோடு வெட்ட வேண்டும், நுனி விட்டால் அதுவும் குறை. அப்படித்தான் புதிதாக வரும் பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பேன். அடியோடு வெட்டினேன்.

முடிச்சு அவிழ்ந்தது. வெள்ளைத் துண்டின் ஓரம் லேசாகத் தூக்கியது. அப்புறம் ரத்தம் வந்தது.

வாய் ரத்தம் எச்சிலோடு சேர்ந்து பார்க்கப் பெரிதாகத் தெரியும். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. பையில் இருந்த சுத்தமான பஞ்சுத் துணியை நனைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. பேச முடியவில்லை. தாரணிக்குச் செய்தி அனுப்பினேன். அவள் கல்லூரி விட்டு வரும் நேரம், யூனிட் வழியாகத்தான் வருவாள். சுமதி சாமளாபுரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வேறு யாரையும் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. யாரிடம் இதைக் காட்டவே கூடாது என்று இத்தனை நாள் நன்றாக நடித்தேனோ, அவளையே கூப்பிட்டேன்.

தாரணி ஸ்கூட்டரில் வந்தாள். என் முகத்தையும் துணியையும் பார்த்தாள். "ஏறுங்கப்பா." போகிற வழியெல்லாம் அவள் முதுகு விறைத்திருந்தது. சிக்னலில் நின்றபோது, திரும்பாமலே, "மூச்சு விடறீங்களா?" என்று கேட்டாள். அவள் தோளில் ஒருமுறை தட்டினேன்.

மருத்துவர் பார்த்தார். நான் டிரிம்மரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கித் தட்டில் வைத்தார்.

"சார், நீங்க ரிஜெக்ட் பண்ணுனது என் தையலை."

அது திட்டா, கேலியா என்று தெரியவில்லை. தாரணி வெளியே போகாமல் சுவரோரமாக நின்றாள். வெளியே இரு என்று நான் கையால் காட்டினேன். அவள் அசையவில்லை. மருத்துவரும் அவளைப் போகச் சொல்லவில்லை. மறுபடியும் மரப்பு ஊசி, தூக்கிய ஓரத்தை மெதுவாகப் படியவைத்து ஒரு தையல், மேலே மருந்துப் பொதி. தாரணி எல்லாவற்றையும் பார்த்தாள். ரத்தம், ஊசி, கொக்கி போன்ற அந்தத் தையல் முள், என் கண்ணோரம் வழிந்த நீர். நான் மறைத்து வைத்திருந்த எல்லாவற்றையும்.

"பிடிக்குங்களா?" என்றேன் குழறலாக.

"நடுவுல பிடிச்சுட்டுதான் இருக்குது. தூக்குன அந்த மூலை சந்தேகம். காத்திருக்கணும்."

காத்திருந்தோம். இந்தக் காத்திருப்பு முன்னால் இருந்த பயத்தைப் போல இல்லை. அப்போது நடக்கப்போவதை நினைத்துப் பயந்தேன். இப்போது நடந்துவிட்டது, இனி என் கையில் எதுவும் இல்லை. எங்கள் தொழிலில் எதையும் வேகப்படுத்தலாம். ஆள் சேர்க்கலாம், ஓவர்டைம் போடலாம், விமானத்தில் அனுப்பலாம். ஒரு துண்டுச் சதைக்குள் ரத்தம் ஏறுவதை ஓவர்டைம் போட்டு ஏற்ற முடியாது. நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். கையை அங்கே கொண்டுபோகாமல் இருப்பது. பொதுவாக எதையாவது சரிசெய்துகொண்டே இருக்கிற ஆளுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று சொன்னால் சிரிப்பீர்கள். சில நேரம் உள்ளங்கையின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

தாரணியிடம் அவளுடைய அறுவையைப் பற்றி நான் வாயெடுக்கவில்லை. எடுக்கிற தகுதி எனக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். சுமதி மட்டும் ஒருநாள், "அவளை நீங்களே கெடுத்துட்டீங்க," என்றாள். பிறகு கூழ்க் கிண்ணத்தை என் கையில் வைத்துவிட்டு, "சரி, குடிங்க," என்றாள்.

தையல் எடுக்கப் போன அன்று தாரணியும் வந்தாள். பொதியை எடுத்துக் கழுவிவிட்டு மருத்துவர் வெகுநேரம் பார்த்தார். அளவு கோடுகள் போட்ட மெல்லிய கம்பியை வைத்து அளந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செக்கிங் மேசையில் என் முகமும் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. எதிரே நிற்கும் தையல்காரருக்கு அப்போது எப்படி இருக்கும் என்றும் முதல்முறையாகத் தோன்றியது.

"மூலை போச்சு," என்றார். "மத்ததெல்லாம் பிடிச்சுருச்சு."

கண்ணாடியைக் கொடுத்தார். ஓரத்தில் ஒரு சிறு பள்ளம், அங்கே வேர் கொஞ்சம் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் இளஞ்சிவப்பு. அண்ணத்திலிருந்து வந்த துண்டு கீழே உயிரோடு இருந்தது. பல் ஆடவில்லை. இனி ஆடாது என்றார். பல் நீளமாகத்தான் தெரியும், முன்பைவிடக் குறைவாக. எனக்கு அது போதும்.

தாரணி முன்னால் வந்து என் வாய்க்குள் குனிந்து பார்த்தாள்.

"மேடம், எனக்குப் பண்ணுனா இந்த மாதிரி மூலை போறதுக்கு வாய்ப்பு இருக்குதுங்களா?"

"எல்லாருக்கும் கொஞ்சம் இருக்குது. நீ கை வைக்காம இருந்தா ரொம்பக் குறைவு."

"எந்த வாரம் வரட்டுங்க?"

நான் கண்ணாடியைப் பிடித்தபடி அவளையே பார்த்தேன். வெளியே படிக்கட்டில் இறங்கும்போது கேட்டேன். "பயமில்லையா கண்ணு? நான் பண்ணுன கூத்தைப் பாத்துமா?"

"பாத்ததுனாலதான். நீங்க நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு சொன்னப்ப எனக்கு நம்பிக்கையே வரலீங்கப்பா. எதையோ மறைக்கறீங்கன்னே தோணுச்சு. அன்னைக்கு மோசமா நடந்ததையே முழுசாப் பாத்தேன். அதுக்கும் ஒரு தையல், கொஞ்சம் கூழு, அவ்வளவுதான். பாக்காததுக்குத்தான் பயம் வருது." சாவியைச் சுழற்றினாள். "அப்பறம், எங்க காலேஜ்ல யாரும் கையில கத்தரி கொடுக்கறதில்ல."

அவளுடைய அறுவை நாளில் நான் கிளினிக் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். சுமதி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். கதவுக்கு உள்ளே உறிஞ்சு குழாயின் சத்தம் கேட்டது. அது நின்றது. கை தூக்கியிருக்கிறாள் என்று புரிந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் தொடங்கியது.

என் நாக்கு அண்ணத்தில் அந்த இடத்துக்குப் போனது. புண் ஆறிய இடம் இப்போதும் மற்ற இடத்தைப் போல இல்லை, சற்று வழவழப்பாக இருக்கிறது. முன்பெல்லாம் என் உடம்பை ஒரே துண்டு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மேலே இருந்தது கீழே போய் வேர் பிடிக்கிறது. எடுத்த இடம் தானாகவே மூடிக்கொள்கிறது. என்னைக் கேட்காமல், நான் பார்க்காத நேரத்தில் நடக்கிறது. நாற்பது கடந்த ஒரு மனிதனுக்குள் இன்னும் புதிதாக வளர்வது ஒன்று இருக்கிறது என்பதே எனக்குச் செய்திதான்.

கதவு திறந்தது. தாரணி வாயில் பஞ்சைக் கடித்தபடி வந்தாள். ஒரு பக்கம் வீங்கியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியில் ஏதோ தட்டச்சு செய்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒரே சொல்.

"பசிக்குது."

"இரு கண்ணு," என்றேன். "மரப்பு இறங்கட்டும். கொஞ்ச நேரந்தான்."

அவள் தலையாட்டினாள். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.